7. விழும் துண்டைப் பிடிக்கும் வேகம்

ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறிவிட்டால் குறிகாட்டுவான் துறைக்கு வருகிற சனத்துக்குக் கணக்கில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் ஒன்றின் பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். ஆனால் நயினாதீவில் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பேர் கால் வைக்கலாம் என்பதைப் பஸ் தீர்மானிப்பதில்லை, படகுதான் தீர்மானிக்கிறது. பஸ்ஸைக் கூட்டினால் துறைமுகத்தில் வரிசை நீளுமே தவிர, அக்கரையில் ஒரு ஆள்கூடக் கூடமாட்டார்.

தொழிற்சாலைக் கமராவின் படவேகத்தைக் கூட்ட நினைப்பவர் முதலில் இந்தத் துறையில் போய் அரை மணித்தியாலம் நின்று பார்க்க வேண்டும் என்பேன். சென்சரில் படம் பிறக்கிறது, வயரில் ஏறுகிறது, கணினியில் இறங்குகிறது. இந்த மூன்றில் எது மிக மெதுவானதோ அதுவே முழு வழியின் வேகம். அது எது என்று தெரியாமல் மெனுவில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில் நான் இரண்டு கிழமை செலவழித்திருக்கிறேன். அந்த இரண்டு கிழமை உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இந்த அத்தியாயத்தை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்த நூல் முழுவதும் நாம் கட்டிவரும் இயந்திரம் உங்களுக்கு நினைவிருக்கும். பனங்கிழங்கை அவித்து, சில்லுச் சில்லாக வெட்டி, வெயிலில் காயவிட்ட புழுக்கொடியல் துண்டுகள் ஒரு சறுக்குப் பலகையால் வழுகி வந்து விழுகின்றன. விழுகிற வழியில் கமரா பார்க்கிறது. வண்டு குத்தினதும் பூஞ்சணம் பிடித்துக் கறுத்ததும் கண்ணில் பட்டால் ஒரு காற்றுக் குழாய் ஊதி அதை வேறு பெட்டிக்குள் தள்ளுகிறது. பெரிய அரிசி ஆலைகளில் நிற்கும் கலர் சோட்டர் இயந்திரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே இருப்பது ஒற்றை வரிசைச் சென்சர் கொண்ட கமரா. செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை ஒரே ஒரு வரியை மட்டும் பார்க்கும். அந்த இயந்திரத்தின் விலை ஒரு தீவுப்பகுதிக் கொட்டிலுக்குக் கட்டாது. நாம் பயன்படுத்துவது சாதாரணமாக முழுப்படம் எடுக்கும் கமரா. அதனால்தான் அதன் படவேகம் நமக்கு இவ்வளவு முக்கியமாகிறது.

எவ்வளவு வேகம் வேண்டும்?

வேகத்தைக் கூட்டுவதற்கு முன் எவ்வளவு தேவை என்று காகிதத்தில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணை நம்ப வேண்டாம். முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை 1995இல் மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் ‘நோ போல்’ என்றபோது உலகம் முழுக்க ரீவியில் பார்த்துவிட்டுச் சண்டை பிடித்தது. முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்பதை அடுத்த வருடம் பேர்த்திலும் ஹொங்கொங்கிலும் ஆய்வுகூடத்தில்தான் அளந்தார்கள். பின்னர் 15 பாகை என்ற எல்லை வந்ததும் அப்படியான அளவுகளுக்குப் பிறகுதான். கை சுழலும் வேகத்துக்கு ரீவியின் படவேகம் போதாது. அந்த இடைவெளிக்குள் எவரும் தான் விரும்பினதைக் கண்டுகொள்ளலாம்.

நம்முடைய துண்டுக்கு வருவோம். சறுக்குப் பலகையின் நுனியிலிருந்து 50 சென்ரிமீற்றர் கீழே கமரா பார்க்கிறது என்று வையுங்கள். அவ்வளவு தூரம் விழுந்த பொருள் செக்கனுக்கு ஏறத்தாழ 3.1 மீற்றர் வேகத்தில் போகும். புழுக்கொடியல் துண்டு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் அகலம். கமரா பார்க்கும் வெளி 15 சென்ரிமீற்றர் உயரம் என்றால், துண்டு முழுதாகப் படத்துக்குள் இருப்பது 13 சென்ரிமீற்றர் பயணத்துக்கு மட்டும்தான். அதைக் கடக்க எடுக்கும் நேரம் ஏறத்தாழ 42 மில்லிசெக்கன். விழும்போது துண்டு உருளும். ஒரு பக்கம் நல்லதாயும் மறுபக்கம் வண்டு குத்தினதாயும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு துண்டையும் மூன்று தடவையாவது பார்க்க வேண்டும். 42 மில்லிசெக்கனுக்குள் மூன்று படம் என்றால் செக்கனுக்கு 72 படம். இது ஓட்டமும் நடையுமாகச் சமாளிக்கும் எண். கொஞ்சம் மூச்சு விட இடம் வைத்து 120 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இனி ஒளிபடும் நேரம். துண்டு செக்கனுக்கு 3.1 மீற்றர் போகும்போது படம் அரை மில்லிமீற்றருக்கு மேல் இழுபடக்கூடாது என்றால், சென்சர் திறந்திருக்கக்கூடிய நேரம் 160 மைக்ரோசெக்கன் மட்டுமே. வண்டுத் துளை ஒரு மில்லிமீற்றர் அளவு என்பதால் இதற்கு மேல் விட்டால் துளை வெறும் நிழலாகக் கரைந்துவிடும். படவேகம், ஒளிபடும் நேரம் ஆகிய இரண்டையும் பலர் ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள். செக்கனுக்கு 200 படம் எடுத்தாலும் ஒவ்வொன்றும் 4 மில்லிசெக்கன் திறந்திருந்தால் உங்களிடம் 200 மங்கிய படங்கள்தான் இருக்கும்.

ஒரே சென்சர், இரண்டு வயர்

வயர் எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் ஜேர்மனியின் பாஸ்லர் நிறுவனத்துடைய ஏஸ் வரிசைக் கமராக்கள் இரண்டு. ஏசிஏ1440-73ஜிஎம், ஏசிஏ1440-220யூஎம். இரண்டினுள்ளும் இருப்பது சோனியின் ஐஎம்எக்ஸ்273 என்ற ஒரே சென்சர். அளவு 1440க்கு 1080 பிக்சல். முதலாவது செக்கனுக்கு 73 படம் தரும், இரண்டாவது 227 படம். கண்ணாடியும் சிலிக்கனும் ஒன்றாயிருக்க இந்த மூன்று மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

பெருக்கிப் பாருங்கள். 1440ஐ 1080ஆல் பெருக்கினால் 15,55,200 பிக்சல். கறுப்பு வெள்ளையில் பிக்சலுக்கு ஒரு பைற் என்றால் ஒரு படம் 1.56 மெகாபைற். அதை 73ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 113 மெகாபைற் சொச்சம். கிகாபிற் ஈதர்நெற் வயரின் முழுக் கொள்ளளவு 125 மெகாபைற். தலைப்புச் செலவுகள் போக மிஞ்சுவது இவ்வளவுதான். 227ஆல் பெருக்கினால் 353 மெகாபைற். அது யூஎஸ்பி 3இன் நடைமுறை எல்லைக்குக் கிட்ட நிற்கிறது. முதலாவது கமராவின் சென்சர் களைத்துப்போய் 73இல் நிற்கவில்லை. படகு நிரம்பிவிட்டது.

அப்படியானால் எல்லோரும் யூஎஸ்பி கமராவையே வாங்கலாமே என்று கேட்பீர்கள். யூஎஸ்பி 3 வயரை நாலைந்து மீற்றருக்கு மேல் சாதாரணமாக இழுக்க முடியாது. ஈதர்நெற் 100 மீற்றர் போகும். அதே வயரிலேயே கமராவுக்கு மின்சாரமும் அனுப்பலாம். கொட்டிலில் மாத்தூசு பறக்கும் இடத்தில் கமராவும், வீட்டுக்குள் கதவு பூட்டின அறையில் கணினியும் இருக்க வேண்டிய எங்களுக்கு ஈதர்நெற்தான் சரி. எனக்குக் கனடாவிலிருந்து வந்து சேர்ந்ததும் ஒரு தொழிற்சாலையில் கழித்துவிட்ட ஈதர்நெற் கமராதான். இந்த அத்தியாயத்தின் மிச்சக் கணக்கெல்லாம் 73 படக் கமராவை வைத்தே போகும்.

முதலில் மெனுவில் உள்ள தடைகளை எடுங்கள்

கிகாபிற் கமராக்கள் பெரும்பாலானவை ஜெனிக்காம் என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றுவதால், எந்தக் கம்பனியின் கமராவானாலும் பெயர்கள் ஏறத்தாழ ஒன்றுதான். பைலன் வியூவரோ ஸ்பின்வியூவோ எந்தக் கமரா மென்பொருளைத் திறந்தாலும் கீழ்ச்சொல்வதைத் தேடினால் கிடைக்கும்.

எக்ஸ்போஷர் ஓட்டோ என்பதை நிறுத்துங்கள். அது இயங்கினால் பின்னேரம் வெளிச்சம் குறையக் குறையக் கமரா தானாகவே ஒளிபடும் நேரத்தை நீட்டும். நேரம் 20 மில்லிசெக்கனுக்குப் போய்விட்டால் உலகத்தில் எந்த வயர் போட்டாலும் 50 படத்துக்கு மேல் வராது. ஒரு செக்கனுக்குள் இருபது மில்லிசெக்கன் ஐம்பது தடவைதானே இருக்கிறது. ‘காலையில் நன்றாக ஓடினது, பொழுதுபட மந்தமாகிறது’ என்ற முறைப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. எக்ஸ்போஷர் டைம் 160 என்று கையால் எழுதிவிடுங்கள். அதன் அலகு மைக்ரோசெக்கன்.

அக்குவிசிஷன் ஃபிரேம் றேற் என்பதற்குப் பக்கத்தில் அதை இயக்கும் ஒரு கட்டம் இருக்கும். யாரோ முன்பு 30 என்று எழுதி அந்தக் கட்டத்தையும் தெரிவு செய்து வைத்திருந்தால் கமரா கீழ்ப்படிந்து 30இலேயே நிற்கும். பழைய கமரா வாங்கினவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். அதேபோல டிவைஸ் லிங்க் துறூபுற் லிமிற் என்பதும் முன்னைய தொழிற்சாலையில் நாலு கமராக்கள் ஒரே வயரில் ஓடினதற்காகத் தாழ்த்தப்பட்டிருக்கலாம். உங்களிடம் ஒன்றுதான் என்றால் அதை முழு அளவுக்கு உயர்த்துங்கள்.

பிக்சல் ஃபோர்மற் மொனோ8 ஆக இருக்கட்டும். மொனோ12 என்று போட்டால் ஒரு பிக்சலுக்கு இரண்டு பைற் போய், உங்கள் 73 பாதியாகும். நிறக் கமரா வைத்திருப்பவர் ஆர்ஜிபி8 என்று வைத்தால் பிக்சலுக்கு மூன்று பைற். அதையே பேயர்8 என்று மாற்றினால் ஒரு பைற்றாக வந்து, நிறத்தைக் கணினியே பிரித்துக்கொள்ளும். புழுக்கொடியலுக்கு நிறக் கமரா தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். நீல எல்ஈடி வெளிச்சத்தில் பாருங்கள்: நல்ல துண்டின் வெளிர் மஞ்சள் ஒரு மாதிரித் தெரிய, பழுப்பேறினதும் கறுத்ததும் இருண்டுபோய் நிற்கும். மஞ்சளும் பழுப்பும் நீலத்தை விழுங்குகிறபடியால், நிறப் பிரச்சினை வெளிச்சப் பிரச்சினையாக மாறித் தீர்ந்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் ரிசல்ட்டிங் ஃபிரேம் றேற் என்ற எண்ணைப் பாருங்கள். கமரா தன் கணக்கில் எவ்வளவு தரமுடியும் என்று அதிலே சொல்லும். அந்த எண்ணும் கணினியில் வந்து சேரும் எண்ணும் ஒன்றானால் வேகம் நெரிபடும் கழுத்து கமரா பக்கம். வந்து சேர்வது குறைவானால் கழுத்து வயரிலோ கணினியிலோ. இந்த ஒரு ஒப்பீடு பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

உயரத்தை வெட்டுவதா?

எந்தக் கையேட்டைத் திறந்தாலும் முதல் அறிவுரை ஒன்றுதான்: படத்தைச் சின்னதாக்கு, வேகம் கூடும். அதிலும் உயரத்தைக் குறை என்பார்கள், ஏனென்றால் சென்சர் வரி வரியாக வாசிக்கிறது. வரி குறைந்தால் வாசிப்பு நேரம் குறையும். அகலத்தைக் குறைப்பதால் பல சென்சர்களில் வாசிப்பு வேகம் மாறாது. இது உண்மைதான். நானும் அப்படியே செய்தேன். 1080 வரியை 720 ஆக்கினேன். 73ஆக இருந்தது 109 ஆனது. சந்தோசப்பட்டேன். ஆனால் இயந்திரம் முன்பைவிட அதிகமான சொத்தைத் துண்டுகளைத் தவறவிட்டது.

ஏன் என்று விளங்க எனக்குக் கொப்பியும் பேனையும் தேவைப்பட்டன. 720 வரி என்றால் பார்வை வெளி 15 சென்ரிமீற்றரிலிருந்து 10 ஆகச் சுருங்குகிறது. துண்டின் 2 சென்ரிமீற்றரைக் கழித்தால் மிஞ்சுவது 8. அதைத் துண்டு கடந்துவிட 26 மில்லிசெக்கன் போதும். அதற்குள் மூன்று படம் வேண்டுமென்றால் செக்கனுக்கு 117 தேவை. எனக்குக் கிடைத்ததோ 109. முன்பு 72 தேவைப்பட்ட இடத்தில் 73 இருந்தது. விளிம்பில் நின்றாலும் வேலை நடந்தது. உயரத்தை வெட்டி வேகத்தைக் கூட்டினேன், ஆனால் தேவை அதைவிட வேகமாகக் கூடிவிட்டது. இன்னும் வெட்டி 8 சென்ரிமீற்றராக்கிப் பாருங்கள்: கிடைப்பது 137, தேவை 156. வெட்ட வெட்டப் பள்ளம் ஆழமாகும்.

இது பொருள் மேலிருந்து கீழாக விழும் எந்த வேலைக்கும் பொருந்தும். பொருள் படத்தின் குறுக்கே போனால் கதை வேறு. வாரில் ஓடும் போத்தல் மூடிகளைப் பார்ப்பவர் உயரத்தைத் தாராளமாக வெட்டலாம். அந்த வெட்டு பொருளின் பாதையைக் குறுக்காது. எனவே கையேட்டைப் பார்த்து எதையும் வெட்டும் முன், உங்கள் பொருள் எந்தத் திசையால் போகிறது என்று பாருங்கள்.

எனக்கு வழி காட்டினது பின்னிங் என்ற அமைப்பு. பக்கத்துப் பக்கத்தில் உள்ள நாலு பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்குவது. சறுக்குப் பலகை 20 சென்ரிமீற்றர் அகலம். 1440 பிக்சல் அதன்மேல் விரிந்தால் ஒரு மில்லிமீற்றருக்கு ஏழு பிக்சல். ஒரு மில்லிமீற்றர் துளையைக் காண ஏழு எதற்கு? மூன்றரை தாராளம். இரண்டுக்கு இரண்டு பின்னிங் போட்டதும் படம் 720க்கு 540 ஆகிறது, 3,88,800 பைற். பார்வை வெளி அதே 15 சென்ரிமீற்றர். வயர் இப்போது செக்கனுக்கு 290 வரை சுமக்கும். பல கமராக்களில் பின்னிங் சென்சரின் வாசிப்பு வேகத்தைக் கூட்டாது, ஆகவே எல்லை சென்சரின் 227 பக்கம் போய் நிற்கிறது. எனக்குத் தேவையான 120 அதற்குள் ஆறுதலாக அடங்கும். வயரில் ஓடுவது 47 மெகாபைற் மட்டும். இன்னொரு கமரா வந்தாலும் இதே வயரில் இடமிருக்கிறது.

பின்னிங் கமராவுக்குள்ளேயே நடக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். கணினி மென்பொருள் வந்த படத்தைச் சுருக்குவதால் வயருக்கு ஒரு நன்மையும் இல்லை. சேர்க்கும் முறை ‘கூட்டல்’ என்றிருந்தால் படம் நாலு மடங்கு வெளிச்சமாகும். 160 மைக்ரோசெக்கனில் வேலை செய்கிறவருக்கு அது வரப்பிரசாதம். நிறக் கமராக்களில் பின்னிங் பலவேளை கிடைக்காது அல்லது நிறத்தைக் குழப்பும்.

வெளிச்சம், பற்றரியிலிருந்து

160 மைக்ரோசெக்கன் என்பது வீட்டுக்குள் சாதாரணமாகப் படமெடுக்கும் 10 மில்லிசெக்கனில் அறுபதில் ஒரு பங்கு. அவ்வளவு வெளிச்சக் குறைவை லென்சைத் திறந்தோ கெயினைக் கூட்டியோ முழுதாக ஈடுசெய்ய முடியாது. கெயின் கூட்டினால் படவேகம் மாறாது, ஆனால் பொரிபொரியாகப் புள்ளிகள் ஏறி நல்ல துண்டிலும் துளை இருப்பதுபோலக் காட்டும். வெளிச்சத்தைக் கிட்டக் கொண்டுவருவதுதான் வழி. எல்ஈடிப் பட்டிகள் இரண்டை விழும் பாதைக்கு 10 சென்ரிமீற்றர் கிட்ட, இரு பக்கமும் சரிவாகப் பொருத்துங்கள்.

அந்தப் பட்டிகளை வீட்டுக் கரண்டில் ஓட்டாதீர்கள். எங்கள் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. அதில் எரியும் மலிவு விளக்கு செக்கனுக்கு 100 தடவை மங்கித் தெளியும். கண்ணுக்கு அது தெரியாது. 160 மைக்ரோசெக்கன் மட்டும் திறக்கும் கமராவுக்கு ஒரு படம் பகலாகவும் அடுத்தது இரவாகவும் தெரியும். கறுத்த துண்டா கறுத்த படமா என்று இயந்திரத்துக்குப் பிரித்தறியத் தெரியாது. டீசல் ஜெனறேற்றர் கரண்டில் அந்த 50 அலைந்து கொண்டிருக்கும் என்பதால் அப்படிக் கரண்ட் எடுக்கும் இடங்களில் இதைக் கட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சோலார் பலகையில் சார்ஜ் ஆகும் 12 வோல்ற் பற்றரியை நேரே பயன்படுத்துங்கள். பற்றரி மின்சாரத்தில் துடிப்பு இல்லை. மின்வெட்டு வந்தாலும் வெளிச்சம் ஆடாது. இந்த ஒரு விடயத்தில் கொழும்புத் தொழிற்சாலையைவிடத் தீவகக் கொட்டில் வசதியானது என்று மனதாரச் சொல்வேன். இடையில் மங்கலாக்கும் கருவி மட்டும் போட வேண்டாம். மலிவான டிமர்கள் விளக்கை வேகமாக அணைத்து எரித்துத்தான் மங்கலாக்குகின்றன, பிரச்சினை திரும்ப வந்துவிடும்.

இன்னும் ஒரு படி போக விரும்பினால் கமராவின் வெளியீட்டு வயரால் விளக்கையே இயக்கலாம். சென்சர் திறக்கும்போது மட்டும் விளக்கு எரியும். செக்கனுக்கு 120 தடவை, தடவைக்கு 160 மைக்ரோசெக்கன். கூட்டினால் செக்கனில் 20 மில்லிசெக்கன்கூட எரியாது. பற்றரி நாள் முழுக்கத் தாங்கும், எல்ஈடியும் சூடாகாது. கமராவின் வெளியீடு நேரடியாக விளக்கைத் தாங்காது, இடையில் சுவிட்ச்சாக ஒரு மொஸ்பெற் வேண்டும். ஒளிவழி பிரிக்கப்பட்ட வெளியீடு சில பத்து மைக்ரோசெக்கன் பிந்தலாம். 160இல் அது பெரிய பங்கு. படம் திடீரென இருண்டால் விளக்கு பிந்தி எரிகிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

பச்சை லைற், மஞ்சள் லைற்

போன வாடைக்காற்றுக் காலம் ஒருநாள் காலமை இயந்திரத்தைப் போட்டேன். வந்த படவேகம் 25 சொச்சம். முதல்நாள் 120. ஒன்றையும் மாற்றவில்லை. மென்பொருளைக் கழற்றிப் பூட்டினேன், கணினியை இரண்டு தரம் நிறுத்தி எழுப்பினேன். பத்து மணிபோல மின்சார வேலை பழகும் பொடியன் வந்தான். கணினிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“அண்ணை, இந்த லைற் மற்ற நாளில பச்சையல்லோ எரியிறது? இண்டைக்கு மஞ்சளாய் எரியுது.”

“எந்த லைற்றடா?”

“வயர் குத்திற இடத்தில. பாருங்கோ.”

அவன் சொன்னது சரி. எங்கள் கணினியில் அந்தப் பச்சை என்றால் 1000 மெகாபிற், மஞ்சள் என்றால் 100. வயரைக் கழற்றிக் கமராப் பக்கத்து முனையைக் கொட்டிலுக்கு வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எட்டுச் செப்பு ஊசிகளில் ஆறு பொன்னிறமாய் இருந்தன. ஓரத்தில் இருந்த இரண்டிலும் பாசிபோல ஒரு பச்சைப் பூச்சு. உப்புக் காற்று. நகத்தால் சுரண்ட மாப்போல உதிர்ந்தது.

கிகாபிற் ஈதர்நெற்றுக்கு வயருக்குள் இருக்கும் நாலு சோடியும் வேண்டும். 100 மெகாபிற்றுக்கு இரண்டு சோடி போதும். ஒரு சோடி அரிபட்டதும் இரு முனைகளும் தாங்களாகவே பேசிக்கொண்டு தாழ்ந்த வேகத்துக்கு இறங்கிவிட்டன; யாருக்கும் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. புது முனை அடித்து வயரைக் குத்தினோம், பச்சை எரிந்தது. அன்றிலிருந்து முனைகளைச் சுற்றி றப்பர் நாடா ஒட்டி, மாதமொருக்கால் கழற்றிப் பார்க்கிறோம். கடலிலிருந்து அரைக் கட்டைக்குள் இருப்பவர்கள் தண்ணீர் புகாத திருகு முனை கொண்ட வயருக்குச் செலவழித்தால் அது வீண் செலவல்ல.

கணினிப் பக்கம்

நெற்வேர்க் அட்டையின் அமைப்பில் ஜம்போ ஃபிரேம் என்பதை 9000 ஆக்குங்கள். கமராவின் பாக்கற் அளவையும் அதற்குக் கிட்ட உயர்த்துங்கள். வழக்கமான 1500இல் 113 மெகாபைற்றை அனுப்பச் செக்கனுக்கு எழுபதாயிரத்துக்கு மேல் பாக்கற் வேண்டும். 9000இல் பன்னிரண்டு பதின்மூன்றாயிரம் போதும். பழைய கணினி ஒவ்வொரு பாக்கற்றுக்கும் தலையைத் திருப்ப வேண்டியிருப்பதால் இந்த வித்தியாசம் பெரிது. நடுவில் சுவிட்ச் இருந்தால் அதுவும் ஜம்போவைத் தாங்க வேண்டும். முடிந்தால் சுவிட்ச் இல்லாமல் நேரே குத்துங்கள். யூஎஸ்பியில் குத்தும் ஈதர்நெற் துண்டுகளைப் பழைய யூஎஸ்பி 2 துளையில் போட்டால் கிகாபிற் என்று எழுதியிருந்தாலும் பாதிகூட வராது.

மடிக்கணினியில் ஓட்டுபவர்களுக்கு மின்வெட்டின்போது படங்கள் விடுபடும். சார்ஜர் நின்றதும் கணினி மின்சேமிப்புக்குப் போய்த் தன் வேகத்தைத் தாழ்த்துகிறது. மின் அமைப்பில் பற்றரியிலும் முழு வேகம் என்று வைத்துவிடுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு வந்ததைக் கண்டவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை.

எல்லாப் படத்தையும் சேமிக்க ஆசைப்படாதீர்கள். செக்கனுக்கு 113 மெகாபைற் என்றால் நிமிடத்துக்கு 6.8 கிகாபைற்; 500 கிகாபைற் தட்டு ஒன்றேகால் மணித்தியாலத்தில் நிரம்பும். பழைய சுழலும் தட்டு அந்த வேகத்துக்கு எழுதவே திணறி, அதனால் படங்கள் விடுபடும். பார்த்த படத்துக்கு உடனே தீர்ப்புச் சொல்லி அதை விட்டுவிட வேண்டும். சொத்தை என்று தள்ளின துண்டின் படத்தை மட்டும் வையுங்கள். பிறகு இயந்திரத்தைத் திருத்த அவைதான் உதவும். திரையில் காட்டுவதையும் ஐந்தில் ஒன்றாகக் குறையுங்கள். திரை செக்கனுக்கு 60 தரம்தான் மாறும், 120ஐயும் வரையச் சொல்வது கணினியின் முதுகில் தேவையில்லாத சுமை.

கடைசியாக ஒன்று. இவ்வளவும் செய்து முடித்ததும் கமராவின் யூசர் செற் என்ற இடத்தில் சேமித்து, தொடங்கும்போது அதையே எடுக்கும்படி யூசர் செற் டிஃபோல்ற் என்பதையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு கமரா தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். ஓட்டோ எக்ஸ்போஷர் எழும்பும், பின்னிங் போய்விடும், காலையில் வந்து பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எண்களை ஒரு கொப்பியிலும் எழுதி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கட்டிவிடுங்கள்: ஒளிபடும் நேரம் 160, அளவு 720க்கு 540, படவேகம் 120, பாக்கற் 9000க்குக் கிட்ட, லைற் பச்சை.